குறைசொல்ல இயலாதவரே அளவுகோல்

(அறக்கட்டளை விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரை)

 

பெற்றோரை முதியோர் இல்லத்தில் சேர்ப்பது முறையா, முறையன்றா என்னும் வழக்கு எல்லா மேடைகளிலும் பேசப்படுகிறது. எந்த மேடையிலும் தீர்வதில்லை. அந்த வழக்கை இவ்வுரை எடுத்துக்கொள்ளவில்லை. அது தீரும்வரை காலமும் காத்திருக்கவில்லை. வந்தவாசி, செஞ்சி, ஆரணி, திண்டிவனம் வட்டாரங்களில் உள்ள ஜைனர் ஊர்களில், பல வீடுகளில் இன்று எஞ்சியிருப்போர் எழுபது வயதைக் கடந்த தம்பதியர்; அல்லது அவர்களுள் ஒருவர். பிள்ளைகள் சென்னையிலும் பெங்களூரிலும் கடல் கடந்த நாடுகளிலும் பணியாற்றுகின்றனர். நிலம் குத்தகையில் இருக்கிறது. 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போதே தமிழ்நாட்டில் நூற்றுக்கு 10.4 பேர் அறுபது வயதை எட்டியவர்களாக இருந்தனர். இந்திய நாட்டின் சராசரியோ 8.6தான். அன்று அறுபதில் இருந்தவர்கள் இன்று எழுபதைக் கடந்துவிட்டனர்.

ஆகவே இல்லங்கள் இருக்கின்றன, இனியும் பெருகும். கட்டணம் பெற்று நடத்துவோர் உண்டு. அறமாக நடத்துவோரும் உண்டு. இந்நிலையில் ஒவ்வொரு குடும்பமும் ஒவ்வோர் அறநிலையமும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: அங்கே இருக்கும் பெரியவர் பாதுகாப்பாகவும் நலமாகவும் மதிப்போடும் இருக்கிறார் என்பதை எவ்வாறு உறுதி செய்துகொள்வது? இவ்வுரை அந்த ஒரு கேள்விக்கு விடை தேட முற்படுகிறது.

கண்ணுக்குத் தெரிவன

இல்லத்தைப் பார்க்கச் செல்வோர் வழக்கமாக எவற்றைப் பார்க்கின்றனர்? முன்கூடம் தூய்மையாக இருக்கிறதா, தோட்டம் இருக்கிறதா, வழிபாட்டு அறை உண்டா, பொறுப்பாளர் இன்முகத்தோடு பேசுகிறாரா என்பவற்றையே பார்க்கின்றனர். பின்னர்ப் பெரியவரிடம், "எல்லாம் சௌகரியமாக இருக்கிறதா?" என்று கேட்கின்றனர். "எனக்கென்ன குறை, நன்றாக இருக்கிறேன்" என்று அவர் விடையளிக்கிறார். கேட்டவர் மனநிறைவோடு திரும்புகிறார்.

அந்த விடை உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் அது உண்மை அல்லாமல் போவதற்கு மூன்று காரணங்கள் உண்டு. பிள்ளைகள் வருந்தக்கூடாது என்று பெற்றோர் மறைப்பது முதற்காரணம். குறை சொன்னால், பிள்ளை ஊர் திரும்பிய பிறகு தம்மைப் பார்த்துக்கொள்பவர் முகம் சுளிப்பாரோ என்னும் அச்சம் இரண்டாவது. நேற்று நடந்தது இன்று நினைவில் இல்லாமை மூன்றாவது. இவற்றுக்கும் அப்பால், பக்கவாதத்தாலோ நினைவிழப்பு நோயாலோ பேச்சே இழந்தவர்கள் ஒவ்வோர் இல்லத்திலும் சிலர் இருப்பர். அவர்களிடம் கேள்வி கேட்பவர் எவருமில்லை; அவர்களிடமிருந்து விடையும் வருவதில்லை.

எனவே ஓர் இல்லத்தை அளப்பதற்கு, நடமாடுபவரும் நயமாகப் பேசுபவரும் அளவுகோல் ஆகமாட்டார். குறை சொல்ல இயலாத ஒருவர், யாரும் வந்து பார்க்காத ஒரு வேளையில் எவ்வாறு பார்த்துக்கொள்ளப்படுகிறார் என்பதே அளவுகோல். அவர் நலமாக இருந்தால் அந்த இல்லத்தில் ஏனையோரும் நலமாகவே இருப்பர்.

சட்டம் சொல்வது

ஆய்வு என்பதை ஒரு முறைமையாகவே வகுத்துக்கொண்ட நாடுகள் உண்டு. இங்கிலாந்தில் 2008ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ், 2009 முதல் பராமரிப்புத் தர ஆணையம் ஒன்று இயங்கி வருகிறது. அதன் ஆய்வாளர்கள் முன்னறிவிப்பின்றியும் இல்லத்துக்குள் வருவர். அவர்கள் ஐந்து கேள்விகளைக் கேட்கின்றனர். இங்கே இருப்பவர் பாதுகாப்பாக இருக்கிறாரா? பராமரிப்பு பயன் தருகிறதா? பரிவோடு நடத்தப்படுகிறாரா? அவரவர் தேவைக்கேற்ற சேவை கிடைக்கிறதா? நிர்வாகம் செம்மையாக இருக்கிறதா? இவற்றுக்கான விடைகளைக் கொண்டு இல்லத்துக்கு நான்கு படிகளுள் ஒன்று வழங்கப்படும். அந்த முடிவை இல்லம் எல்லோரும் காணும்படி வைக்க வேண்டும். குறையுள்ள இல்லம் தன் குறையைத் தானே அறிவித்துக்கொள்ளும் நிலை அங்கே உண்டு.

இந்தியாவில் 2007ஆம் ஆண்டு பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு மற்றும் நலச் சட்டம் உள்ளது. அறுபது வயது நிறைந்தவர் அனைவரையும் அது மூத்த குடிமக்களாகக் கொள்கிறது. மாவட்டத்துக்கு ஒன்றேனும், வறிய முதியோர் 150 பேர் தங்கத்தக்க இல்லங்களை மாநில அரசு அமைக்கலாம் என்றும், அவற்றின் தரத்தையும் சேவைகளையும் வரையறுக்கலாம் என்றும் அதன் 19ஆம் பிரிவு கூறுகிறது. முதியவரைப் பராமரிக்கும் பொறுப்பை ஏற்றுக்கொண்டபின் அவரை எங்கேனும் கைவிட்டுச் செல்வது 24ஆம் பிரிவின்படி தண்டனைக்குரிய குற்றம். தமிழ்நாட்டில் இதற்கான விதிகள் 2009இல் வகுக்கப்பட்டன. மாவட்ட அளவில் சமூகநலத் துறையும், பராமரிப்பு வழக்குகளுக்குக் கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயமும் பொறுப்பில் உள்ளன. இல்லத்தைத் தேடுவோர் முதலில் கேட்க வேண்டியது பதிவுச் சான்றைத்தான்.

ஆயினும் அரசு அலுவலர் ஆண்டில் சில நாள்களே வர இயலும். எஞ்சிய நாள்களில் ஆய்வாளராக இருக்க வேண்டியவர்கள் குடும்பத்தாரும், இல்லத்தை நடத்தும் அறநிலையத்தாருமே. அவர்கள் எதை, எப்போது, எவ்வாறு பார்க்க வேண்டும் என்பதை இனிக் காணலாம்.

இரவு

முதலில் இரவைப் பற்றிக் கேட்க வேண்டும். 2004ஆம் ஆண்டு ஜனவரி 31ஆம் நாள் விடியற்காலையில், ஸ்காட்லாந்தில் ரோஸ்பார்க் என்னும் முதியோர் இல்லத்தில் தீ விபத்து நேர்ந்தது. பதினான்கு முதியோர் உயிரிழந்தனர். மின்பகிர்வுப் பெட்டி இருந்த ஓர் அலமாரி அறையில் தோன்றிய தீ அது. எச்சரிக்கை மணி ஒலித்தது. ஆனால் தீ எங்கே என்று தேடியதில் காலம் கழிந்தது. தீயணைப்புத் துறைக்குத் தகவல் போக ஏறத்தாழ ஒன்பது நிமிடங்கள் ஆயின. படுக்கையறைக் கதவுகள் பல திறந்திருந்தமையால் புகை உள்ளே புகுந்தது. கருவி இருந்தது, ஆள்களும் இருந்தனர். அந்த நேரத்தில் யார் என்ன செய்ய வேண்டும் என்னும் பயிற்சிதான் போதவில்லை. இந்தியாவிலும், 2023ஆம் ஆண்டின் முதல் நாள் விடியற்காலையில் தில்லியில் ஒரு முதியோர் இல்லத்தில் பற்றிய தீயில் மூதாட்டியர் இருவர் மாண்டனர். இரண்டும் ஊர் உறங்கும் நேரத்தில் நேர்ந்தவை.

ஆகவே ஆய்வுக்குச் செல்பவர், சுவரில் தீயணைப்பான் தொங்குகிறதா என்று பார்ப்பதோடு நின்றுவிடலாகாது. அதன் அழுத்தமானியின் முள் பச்சைப் பகுதியில் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். பிறகு இரவுப் பணியாளர் ஒருவரைத் தனியே அழைத்து, "இப்போது புகை வந்தால் முதலில் என்ன செய்வீர்கள்?" என்று கேட்க வேண்டும். 101 அல்லது 112 என்னும் எண் அவர் வாயிலிருந்து உடனே வருகிறதா? தாமாக எழ இயலாதவர் எத்தனை பேர், எந்தெந்தக் கட்டிலில் உள்ளனர் என்று சொல்லத் தெரிகிறதா? கிரில் கதவின் சாவி யாரிடம் இருக்கிறது? சாவி வைத்திருப்பவர் வீட்டுக்குச் சென்றுவிட்டால் அந்த இல்லம் இரவு முழுவதும் சிறைச்சாலைதான்.

இரவில் முப்பது பேருக்கு ஒரே ஒரு பணியாளர் விழித்திருக்கும் இல்லங்களும் இருக்கலாம். அவரே பகலிலும் பணி செய்தவரா என்று கேட்க வேண்டும். பன்னிரண்டு மணிநேரம் உழைத்தவர் இரவிலும் விழித்திருப்பார் என்று எதிர்பார்ப்பது அறியாமை. அவர் அயர்ந்து உறங்கினால் குற்றம் அவருடையதன்று. அவ்வாறு பணியைப் பகிர்ந்தளித்த நிர்வாகத்துடையது. பணியாளரின் ஊதியமும் ஓய்வும் பயிற்சியும் முதியவரின் பாதுகாப்பின் பகுதியே ஆகும்.

கட்டு

தமிழ்நாடு மறக்கவியலாத நாள் ஒன்று உண்டு. 2001ஆம் ஆண்டு ஆகஸ்டு 6ஆம் நாள், இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் மனநலம் குன்றியோர் தங்கியிருந்த காப்பகம் ஒன்றில் தீப்பற்றியது. சங்கிலியால் பிணிக்கப்பட்டிருந்தமையால் ஓட இயலாமல் 28 பேர் மாண்டனர். அதற்குப்பின் நெடுங்காலம் கழித்து வந்த 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், மனநோயாளரை எவ்வகையிலும் சங்கிலியால் பிணிக்கலாகாது என்று தடை விதித்தது.

முதியோர் இல்லத்தில் சங்கிலி இராது. ஆனால் பழைய புடவைத் துண்டு இருக்கலாம். கட்டிலிலிருந்து விழுந்துவிடக்கூடாது என்று இடுப்பில் கட்டுவதும், மூக்கில் செருகிய குழாயைப் பிடுங்கிவிடக்கூடாது என்று கைகளைக் கட்டுவதும் அன்பின் பெயராலேயே நடப்பதுண்டு. மணிக்கட்டில் தழும்பு இருக்கிறதா, கட்டிலின் கம்பியில் முடிச்சிட்ட துணி தொங்குகிறதா என்று நோக்க வேண்டும். கட்டு தவிர்க்க இயலாதது என்று சொன்னால், அது மருத்துவர் எழுதியதா, எவ்வளவு நேரத்துக்கு, யார் அருகிலிருந்து பார்க்கின்றனர், குடும்பத்தாருக்குத் தெரியுமா என்று கேட்க வேண்டும்.

கண்ணுக்குத் தெரியாத கட்டும் உண்டு. அது மயக்க மாத்திரை. நினைவிழப்பு நோயுள்ளவர் இரவில் கூவினாலும் அலைந்தாலும் அவரை அடக்குவதற்கு மனநோய் மருந்து கொடுப்பது எளிய வழியாகத் தோன்றும். அத்தகைய மருந்துகள் நினைவிழப்பு நோயுள்ள முதியோரிடம் இறப்பின் அபாயத்தைக் கூட்டுகின்றன என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2005ஆம் ஆண்டிலேயே கடும் எச்சரிக்கை விடுத்தது. பகல் பதினொரு மணிக்கு ஒரு கூடம் முழுவதும் உறங்கிக்கொண்டிருந்தால், அந்த அமைதியைப் பாராட்டிவிட்டு வருவது ஆய்வன்று. மருந்துச் சீட்டை வாங்கிப் பார்க்க வேண்டும்.

படுக்கையும் நடையும்

எழ இயலாதவரின் கட்டில் அருகே சிறிது நேரம் நிற்க வேண்டும். வால் எலும்பு, இடுப்பு, குதிகால் ஆகிய இடங்களில்தான் படுக்கைப்புண் தோன்றும். ஏறத்தாழ இரண்டு மணிநேரத்துக்கு ஒருமுறை அவரைப் புரட்டிப் படுக்கவைத்தல் வழக்கமான காப்பு முறை. அதற்கான பதிவுத்தாள் கட்டிலருகே இருக்கிறதா? பிற்பகல் மூன்று மணிக்குப் பார்க்கும்போதே மாலை ஆறு மணிக்குரிய இடத்திலும் கையொப்பம் இருந்தால், அந்தத் தாள் உண்மையைச் சொல்லிவிட்டது. புண் உண்டா என்று பார்ப்பதற்கு அவருடைய உடன்பாடும், திரையும், பெண்மணியானால் பெண் செவிலியரும் தேவை. ஆய்வின் பெயரால் மானத்தைக் குலைக்கலாகாது.

அவர் பேசமாட்டார், ஆனால் உடல் சொல்லும். நகம் வெட்டப்பட்டிருக்கிறதா, உதடு உலர்ந்திருக்கிறதா, வாய் தூய்மையாக இருக்கிறதா, உடுத்திய ஆடை அவருடையதா, மூக்குக் கண்ணாடி துடைக்கப்பட்டிருக்கிறதா, காதொலிக் கருவியில் மின்கலம் இருக்கிறதா? இவை சிறியனவாகத் தோன்றலாம். கண்ணாடி இல்லாதவர் உலகைக் காண்பதில்லை. மின்கலம் தீர்ந்தவர் ஒரு சொல்லையும் கேட்பதில்லை.

நடப்பவர்க்குள்ள பெரும்பகை விழுதல். எதிர்பாராத காயங்களால் உலகில் நேரும் இறப்புகளுக்கு விழுதல் இரண்டாவது பெருங்காரணம் என்று உலக நலவாழ்வு நிறுவனம் கூறுகிறது. இடுப்பெலும்பு முறிந்த முதியவர் பலர் பழைய நடையை மீண்டும் பெறுவதில்லை. எனவே கட்டிலிலிருந்து கழிப்பறை வரை இரவில் ஒருவர் செல்லும் வழியை ஆய்வாளர் தாமே நடந்து பார்க்க வேண்டும். வழியில் விளக்கு எரிகிறதா? தரைவிரிப்பின் ஓரம் மடங்கியிருக்கிறதா? குளியலறைத் தரை ஈரமாகவும் வழுவழுப்பாகவும் இருக்கிறதா? பிடித்து எழுவதற்குச் சுவரில் கம்பி உண்டா? சாய்தளம் ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளமேனும் இருக்கிறதா? அழைப்புமணியை அழுத்திவிட்டு, ஆள் வர எத்தனை நிமிடம் ஆகிறது என்று எண்ணிப் பார்க்க வேண்டும். படுத்திருப்பவரின் கைக்கு எட்டாத மணி, சுவரில் மாட்டிய படத்துக்கு ஒப்பானது.

குளிக்கும் வெந்நீரையும் கவனிக்க வேண்டும். முதியவரின் தோல் மெல்லியது. சர்க்கரை நோயால் கால் உணர்விழந்திருந்தால் சூடு தெரியாது. இங்கிலாந்துப் பராமரிப்பு இல்லங்களில் குளியல் தொட்டி நீர் 44 பாகை செல்சியசுக்கு மேற்படலாகாது என்பது வழிகாட்டுதல். இங்கே வாளியில் வெந்நீர் ஊற்றித் தண்ணீர் விளாவும் முறையில், விளாவுபவரின் கையே வெப்பமானி. அந்தக் கை பயிற்சி பெற்றதா என்று அறிய வேண்டும். வாளிக்குள் மின்கம்பியை இட்டு நீர் காய்ச்சும் வழக்கம் இருந்தால் உடனே நிறுத்தச் சொல்ல வேண்டும்.

உணவும் மருந்தும்

சமையலறை தூய்மையாக இருப்பது மட்டும் போதாது. தட்டில் எவ்வளவு எஞ்சுகிறது என்று பார்க்க வேண்டும். அதைவிடச் சிறந்த சான்று எடைப் பதிவேடு. அறுபது கிலோ எடையுள்ளவர் ஒரு மாதத்தில் மூன்று கிலோவோ, ஆறு மாதத்தில் ஆறு கிலோவோ இழந்தால் அது மருத்துவர் பார்க்க வேண்டிய நிலை. மாதந்தோறும் எடை பார்க்காத இல்லத்தில் ஒருவர் மெலிவது, ஆடை தொளதொளக்கும்போதுதான் தெரியவரும்.

ஜைனக் குடும்பங்கள் தனியே கருத வேண்டியன சில உண்டு. கிழங்கு வகைகளை விலக்கும் ஒருவர், பொதுச் சமையலில் உருளைக்கிழங்கும் வெங்காயமும் சேர்ந்த கறியைத் தள்ளிவிட்டு, மோர்ச்சோற்றோடு எழுந்துவிடுவார். வாய் திறந்து கேட்கமாட்டார். பொழுது சாய்வதற்குள் உண்பவர் மாலை ஐந்தரை மணிக்கு உண்டால், காலை எட்டு மணிச் சிற்றுண்டி வரை பதினான்கரை மணிநேரம் வெறும் வயிற்றோடு இருக்கிறார். அதே இல்லத்தில் சர்க்கரை நோய்க்கான இரவு மாத்திரையோ இன்சுலினோ எல்லாருக்கும் எட்டு மணிக்கு என்று வழக்கமிருந்தால், அவருக்கு நள்ளிரவில் இரத்தச் சர்க்கரை தாழ்ந்துபோகக்கூடும். வியர்வையும் குழப்பமும் உளறலும் வந்தால் "வயதாகிவிட்டது" என்று விட்டுவிடுவர். இரவில் நீரும் அருந்தாதவராயின், பகலில் போதிய நீர் சென்றதா என்று கணக்கிட வேண்டும். நீர் குறைந்தால் சிறுநீர்த் தொற்றும் மனக்குழப்பமும் எளிதில் வரும். அட்டமி, சதுர்த்தசி நோன்புநாள்களில் மருந்தை எவ்வாறு கொடுப்பது என்றும் தெளிவு வேண்டும். இவையெல்லாம் மருத்துவரால் தீர்க்கத்தக்க செய்திகள். மருந்தின் நேரத்தையோ அளவையோ மாற்றி எழுத அவர் அறிவார். ஆனால் அவருக்கு எவரேனும் முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும்.

ஆகவே சேர்க்கும் நாளிலேயே உணவு நெறியையும் உண்ணும் நேரத்தையும் நோன்புகளையும் எழுத்தில் கொடுத்து, சமையற்காரரிடமும் செவிலியரிடமும் படி இருக்கச் செய்ய வேண்டும். நினைவு தப்பிய ஒருவர் தம் நெறியையும் மறந்துவிடக்கூடும். எது வைத்தாலும் உண்பார். அவர் மறந்ததை இல்லம் நினைவில் வைத்திருப்பதே அவருக்குச் செய்யும் மதிப்பு.

மருந்தைச் சோதிக்க ஓர் எளிய வழி உண்டு. ஒருவருடைய மருந்துப் பெட்டியை எடுத்து எண்ண வேண்டும். முப்பது மாத்திரை வாங்கி, நாளுக்கொன்றாகப் பன்னிரண்டு நாள் கழிந்திருந்தால், பதினெட்டு எஞ்ச வேண்டும். இருபத்திரண்டு இருந்தால் நான்கு நாள் கொடுக்கப்படவில்லை. பதினான்கு இருந்தால் கூடுதலாகவோ வேறொருவருக்கோ சென்றிருக்கிறது. பெட்டியில் பெயர் இருக்கிறதா, காலாவதி நாள் கடந்ததா, பிரிக்காத இன்சுலின் குளிர்ப்பெட்டியில் 2 முதல் 8 பாகைக்குள் வைக்கப்பட்டிருக்கிறதா என்பனவும் காண வேண்டியன.

தொடர்பும் பொருளும்

முதியவர் தம் விருப்பப்படி தொலைபேசியில் பேச இயல்கிறதா, பேசும்போது தனிமை உண்டா என்று அறிய வேண்டும். பணியாளர் எதிரே நிற்கப் பேசுவது பேச்சன்று. அவருடைய ஓய்வூதியப் புத்தகமும் வங்கி அட்டையும் யாரிடம் உள்ளன? வீட்டையோ நிலத்தையோ இல்லத்தின் பெயருக்கோ பணியாளரின் பெயருக்கோ எழுதித் தருமாறு எவரேனும் கேட்டனரா? பராமரிப்பதாக நிபந்தனை ஏற்றுச் சொத்தைப் பெற்றுக்கொண்டு பராமரிக்கத் தவறினால், அந்த எழுத்தைச் செல்லாததாக்க 2007ஆம் ஆண்டுச் சட்டத்தின் 23ஆம் பிரிவு இடமளிக்கிறது. உதவி தேவைப்படுவோர்க்கு 14567 என்னும் கட்டணமில்லாத முதியோர் உதவி எண் உண்டு. அந்த எண் எல்லோரும் காணுமாறு கூடத்தில் எழுதப்பட்டிருப்பது, குறைகேட்க அஞ்சாத இல்லத்தின் அடையாளம்.

அறமும் ஆய்வும்

இத்தனையும் கேட்டபின் ஒரு தயக்கம் எழக்கூடும். "இலவசமாகச் சோறு போட்டுக் காப்பாற்றுகின்றனர், அவர்களிடம் போய்க் கணக்குக் கேட்பதா? தருமம் செய்பவரைச் சோதிப்பது நன்றியற்ற செயல் ஆகாதா?" என்று பலர் எண்ணுகின்றனர். நல்லெண்ணத்தில் பிறந்த தயக்கம்தான். ஆனால் அதன் விளைவு நல்லதன்று.

கட்டணம் செலுத்துபவர், மனநிறைவு இல்லையேல் வேறு இல்லத்துக்குச் செல்லலாம். அறத்தால் காக்கப்படுபவருக்குப் போக்கிடம் இல்லை. கட்டணம் செலுத்துபவருக்காகக் கேட்கப் பிள்ளை இருக்கிறார். அறத்தால் காக்கப்படுபவர் பலருக்குக் கேட்க எவருமில்லை. "சோறு போட்டவரையே குறை சொல்கிறாய்" என்னும் ஒரு சொல் அவர் வாயை அடைத்துவிடும். ஆகவே அறமாக நடத்தப்படும் இல்லத்துக்கு ஆய்வு குறைவாகத் தேவை என்பது தலைகீழான கணக்கு. அங்கேதான் அது மிகுதியாகத் தேவை. கவனமின்மையால் ஓர் உயிர்க்கு விளையும் துன்பமும் இம்சையே என்பது இந்த அவைக்குப் புதிய செய்தியன்று. எண்ணம் நல்லது என்பது புண்ணை ஆற்றுவதில்லை.

ஆய்வு என்பது குற்றம் கண்டுபிடிக்கும் வேட்டையும் அன்று. நல்ல இல்லத்தை நடத்துவோர்க்கு ஆய்வே துணை. தாம் அறியாமல் நேர்ந்துவிட்ட குறையைப் பிறர் கண் காட்டித் தருகிறது. "விழுந்தவர் எவருமில்லை" என்று சொல்லும் இல்லத்தைவிட, "இவ்வாண்டு ஆறு பேர் விழுந்தனர், நான்கு பேர் குளியலறையில் விழுந்தனர், அதனால் கம்பி பொருத்தினோம்" என்று பதிவேட்டைக் காட்டும் இல்லமே நம்பத்தக்கது. முதியோர் வாழும் இடத்தில் விழுதலே இல்லை என்றால், பெரும்பாலும் எழுதுதல்தான் இல்லை.

இல்லம் நடத்தும் அறநிலையங்களும் நடத்த எண்ணும் அறநிலையங்களும் செய்யத்தக்கது இது. அறங்காவலர் ஒருவர், இல்லத்தோடு தொடர்பில்லாத செவிலியர் ஒருவர், அங்கே இருப்போரின் குடும்பத்தார் ஒருவர் என மூவர் கொண்ட குழுவை அமைக்கலாம். அக்குழு மாதம் ஒருமுறை முன்னறிவிப்பின்றிச் செல்லட்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறையேனும் அது இரவாக இருக்கட்டும். பேச இயலாத ஒருவரைத் தேர்ந்து, அவருடைய கட்டில், உணவு, எடை, மருந்து, பதிவுத்தாள் ஆகியவற்றை முழுமையாகப் பார்க்கட்டும். கண்டதை ஒரே புத்தகத்தில் எழுதி, யார் எந்த நாளுக்குள் திருத்துவர் என்றும் குறிக்கட்டும். அடுத்த மாதம் அந்தப் பக்கத்தைப் புரட்டிய பிறகே புதுப்பக்கம் தொடங்கட்டும். குறை சொன்ன முதியவரோ பணியாளரோ அதனால் இன்னலுறவில்லை என்பதையும் அக்குழுவே உறுதி செய்யட்டும்.

குடும்பத்தார் செய்யத்தக்கதும் உண்டு. எப்போதும் ஞாயிறு காலையில் செல்பவர் ஒருமுறை புதன் மாலையில் செல்லலாம். தம் பெற்றோரைப் பார்த்தபின், அடுத்த கட்டிலில் இருப்பவரையும் பெயர் சொல்லி அழைத்துப் பேசலாம். தொலைவில் இருப்போர் உறவினர் ஒருவரை அதற்கென்றே அனுப்பலாம். ஒருவரைத் தேடி ஆள் வருவது பணியாளர்க்குத் தெரிந்திருப்பதே அவருக்கு ஒரு காப்பு.

விழா நாள்களில் இல்லங்களுக்கு உணவு வழங்கும் வழக்கம் போற்றத்தக்கது. அன்று இலை நிறைந்திருக்கும், கூடம் பெருக்கப்பட்டிருக்கும், எல்லோரும் நல்லாடை உடுத்தியிருப்பர். அந்த ஒரு வேளையைக் கொண்டு இல்லத்தை எடைபோட இயலாது. இவ்வாண்டு அவ்வாறு வழங்க எண்ணியிருப்போர், உணவோடு ஒரு மணிநேரத்தையும் சேர்த்து வழங்கலாம். பந்தி முடிந்தபின் உடனே புறப்படாமல், கூடத்துக்கு வர இயலாத கடைசிக் கட்டில்வரை நடந்து சென்று, அங்கே இருப்பவருக்கு அந்த உணவு சென்று சேர்ந்ததா என்று பார்க்கலாம். சில வாரம் கழித்து, விழா இல்லாத ஒரு நாளில், மீண்டும் ஒருமுறை செல்லலாம்.